சொந்தமாகப் படகு நேவிகேஷன் மென்பொருள் எழுதலாமா, இருப்பதையே போட்டுக்கொள்ளலாமா? (மும்பை துறைமுகம்)

செம்பூர் கார்த்தி
மே 18, இரவு 10:42

வணக்கம். போன வருஷம் நாங்கள் மூன்று பேர் பணம் போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம். 24 அடி, ஃபைபர், பின்னால் ஒரு சின்ன அவுட்போர்டு மோட்டார். டிராஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் ஆழம், 1.1 மீட்டர். அப்போலோ பந்தர் எதிரே மூரிங்கில் கட்டியிருக்கிறோம். சனி ஞாயிறுகளில் மாண்ட்வா, எலிஃபெண்டா, கொஞ்சம் தைரியம் வந்தால் ரேவஸ்.

அந்தத் தைரியம்தான் ஏப்ரலில் மண்ணில் உட்காரவைத்தது. ரேவஸிலிருந்து திரும்பும்போது தர்மத்தர் கழிமுகத்தில் ஒரு சேற்றுத் திட்டுக்கு மேலாகக் குறுக்கே வந்தோம். சார்ட்டின்படி (கடல் வரைபடம்) முழு வற்றத்தில் தண்ணீருக்கு வெளியே 0.5 மீட்டர் தெரியும் திட்டு அது. நேரம் மாலை 5 மணி. நானே எழுதிய ஒரு குட்டி ஸ்கிரிப்ட், ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்) பார்த்து ‘இப்போது நீர்மட்டம் 1.9 மீட்டர்’ என்று காட்டியது. திட்டைக் கழித்தால் 1.4. எங்களுக்கு 1.1 போதும். தாராளம் என்று போனோம். நச்சென்று நின்றுவிட்டது. கிட்டத்தட்ட நாலு மணி நேரம், ஒரு பாக்கெட் பிஸ்கட், கணக்கில்லாத கொசு.

ஆக சார்ட்டை நம்ப முடியவில்லை. மழைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றப் போகிறோம், நாலு மாதம் கையில் இருக்கிறது. தொழில் மென்பொருள்தான், வங்கிச் செயலிகள். சார்ட் படிப்பது, ஜிபிஎஸ், ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடம், வேகத்தை ரேடியோவில் அறிவிக்கும் முறை), ஓதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து நானே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். எந்த மொழி, எந்த லைப்ரரி, எந்தக் கம்ப்யூட்டர்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மணி
மே 18, இரவு 11:15

எதற்கு இந்த வேலை? நவியானிக்ஸ் ஆப்பைப் போனில் போடுங்கள், வருஷச் சந்தா கட்டுங்கள், முடிந்தது. நான் மூன்று வருஷமாக அதில்தான் ஓட்டுகிறேன். சேற்றுத் திட்டுக்கு மேலே குறுக்கே போனால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

பழைய கேப்டன்
மே 19, காலை 6:20

கார்த்தி, சார்ட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. எந்த சார்ட், எந்த அளவில் எடுத்தது, அதில் அந்த இடத்தின் தரக்குறியீடு என்ன?

எஸ்-57 என்ற கோப்பு வடிவில் வரும் மின்சார்ட் ஒவ்வொன்றிலும் கேட்ஸாக் என்று ஓர் அடுக்கு உண்டு. அளவை எவ்வளவு நம்பகமானது என்று அது சொல்லும். ஏ1 என்றால் இடம் 5 மீட்டருக்குள் சரி. பி என்றால் 50 மீட்டர். சி என்றால் 500 மீட்டர்! ஆழத்திலும் அப்படித்தான். சார்ட்டில் 10 மீட்டர் என்று போட்டிருக்கும் இடத்தில், பி தரமானால் 1.2 மீட்டர் முன்பின் இருக்கலாம், சி தரமானால் 2.5 மீட்டர். போனில் விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறீர்களே, அந்த நீலக் கோடு ஒரு முடி அகலத்துக்குத் தெரிகிறது என்பதற்காகக் கடலடியும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கழிமுகச் சேறு வேறு ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இடம் மாறும்.

விரிப்பதில் இப்படி ஓர் ஆபத்து என்றால், விரிக்காமல் விடுவதில் வேறோர் ஆபத்து. 2014 நவம்பர் 29 இரவு, வோல்வோ உலகப் படகுப் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் காராஹோஸ் பவளத்திட்டில் நேராகப் போய் ஏறியது. தொழில்முறை மாலுமிகள், நல்ல கருவிகள். அவர்கள் பார்த்த சிறிய அளவுக் காட்சியில் அந்தத் திட்டு சரியாகத் தெரியவில்லை. பெரிதாக்கினால்தான் தெரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நீங்கள் மென்பொருள் எழுதினால் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள்: காட்சியைச் சுருக்கும்போது எதை மறைக்கலாம் என்று முடிவு செய்கிற வரி, படகை உடைக்கிற வரி.

லாமிங்டன் வாசி
மே 19, காலை 9:03

முதலிலிருந்தா? வேண்டாம் தலைவா. ஓபன்சிபிஎன் என்ற நேவிகேஷன் மென்பொருள் இருக்கிறது. இலவசம், மூலநிரல் திறந்தது, சி++, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். எஸ்-57 நேரடியாகப் படிக்கும். ஏஐஎஸ் இலக்குகளைக் காட்டும், எவ்வளவு நெருங்கி வருவார்கள் என்று கணக்குப் போடும், மோதல் எச்சரிக்கை தரும். கப்பல்களில் சட்டப்படி வைக்க வேண்டிய மின்சார்ட் கருவியான ஈசிடிஸுக்கு மாற்று அல்ல. உங்கள் 24 அடிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

கம்ப்யூட்டர்: ராஸ்பெர்ரி பை 4 போதும். ஓபன்பிளாட்டர் என்ற தொகுப்பைப் போட்டால் ஓபன்சிபிஎன், படகுக் கருவிகளின் தகவலை ஒன்றுசேர்த்துத் தரும் சிக்னல் கே சர்வர் எல்லாம் சேர்ந்தே வரும். யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று. ஏஐஎஸ் ரிசீவர் ஒன்று, கேட்க மட்டும். அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் வேண்டுமானால் உரிமம், எம்எம்எஸ்ஐ என்ற படகு அடையாள எண் எல்லாம் தேவை, அது தனிக் கதை. திரைதான் பிரச்சினை. லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும் 7 அங்குலத் திரை வீட்டுக்குள் அழகாக இருக்கும், மதியம் 12 மணி வெயிலில் உங்கள் முகம்தான் அதில் தெரியும். காக்பிட்டில் வைக்காமல் கேபின் படிக்கட்டுக்குள்ளே நிழலில் வையுங்கள்.

சார்ட்: நம் கடலுக்கு டேராடூனில் இருக்கும் தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகத்தின் மின்சார்ட்தான் மூலம். எஸ்-63 பூட்டு போட்டு வரும். உரிமத்தோடு வாங்கினால் பிளகின் வழியாக ஓபன்சிபிஎன்னில் திறக்கலாம். ‘உலகம் முழுக்க இலவசம்’ என்று பென்டிரைவில் ஒருவர் தருவார், வாங்காதீர்கள். அது திருட்டுப் பிரதி, அதுவும் எத்தனையோ வருஷம் பழசு. சும்மா நிரல் எழுதிப் பழக வேண்டுமானால் அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா தன் கடலுக்கான மின்சார்ட்டுகளை இலவசமாகவே தருகிறது, பூட்டும் இல்லை.

செம்பூர் கார்த்தி
மே 19, இரவு 9:30

கேப்டன் சார், நன்றி. கேட்ஸாக் என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஆப்பில் அது எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாசி, ஓபன்சிபிஎன்னை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் முகப்பு பதினைந்து வருஷத்துக்கு முந்தையது மாதிரி இருக்கிறது. என் எண்ணம் வேறு: சர்வர் ஒன்று ராஸ்பெர்ரி பை-யில் ஓடட்டும், பிரவுசரில் வரைபடம், போன், டேப்லெட் எதிலும் திறக்கலாம். எஸ்-57 கோப்பை ஜிடால் என்ற லைப்ரரியால் பிரித்து, சின்னச் சதுரப் படங்களாக வெட்டிவிட்டேன், ஒரே ராத்திரியில்! நோவா சார்ட்டில் நியூயார்க் துறைமுகம் என் திரையில் ஓடுகிறது. இதில் என்ன கஷ்டம்?

தானே நித்யா
மே 19, இரவு 11:48

> இதில் என்ன கஷ்டம்?

வரைவதில் ஒரு கஷ்டமும் இல்லை. நான் எம்பெடெட் வேலை, ஆறு வருஷம் கப்பல் கருவிகள் செய்கிற இடத்தில் இருந்தேன். எங்களிடம் வந்த பிழைகளில் வரைவது தொடர்பானவை மிகக் குறைவு. எல்லாம் இரண்டு பெட்டிகள் பேசிக்கொள்ளும் இடத்தில்தான். நான் கண்ணால் பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் என்எம்இஏ 0183 என்பது சாதா எழுத்து வரி. வினாடிக்கு 4800 பிட் வேகம், ஏஐஎஸ்ஸுக்கு 38400. ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து, கடைசியில் சரிபார்ப்பு எண். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஆனால் அதில் அட்சரேகை 1855.32 என்று வரும். புதிதாக எழுதுகிற எல்லோரும் அதை நூறால் வகுத்து 18.5532 என்று எடுத்துக்கொள்வார்கள். அது 18 பாகை 55.32 கலை, அதாவது 18.922. தீர்க்கரேகையிலும் இதையே செய்தால், கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் கட்டியிருக்கும் படகு சுமார் 54 கிலோமீட்டர் தள்ளி, அலிபாக்குக்கும் தென்மேற்கே நடுக்கடலில் தெரியும். இவ்வளவு பெரிய பிழை ஆபத்து இல்லை, உடனே சிரித்துவிட்டுத் திருத்திவிடுவீர்கள். சின்னப் பிழைகள்தான் வினை.

சிக்னல் கே எல்லாவற்றையும் எஸ்ஐ அலகில் வைக்கும். வேகம் வினாடிக்கு மீட்டர், திசை ரேடியன், வெப்பம் கெல்வின். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் போகும் படகுக்கு 3.09 என்று வரும். அதை நாட் என்று நினைத்துத் திரையில் காட்டினால், ‘இன்று நீரோட்டம் எதிர்த்து அடிக்கிறது போல’ என்று நம்பிக்கொண்டே போவீர்கள். நம்பும்படியான தப்பு.

ஏஐஎஸ் இன்னொரு ரகம். வேகம் தெரியாவிட்டால் 1023 என்று அனுப்பும், பத்தால் வகுக்க வேண்டிய எண் அது. வகுத்துவிட்டு, தெரியாது என்பதைச் சரிபார்க்க மறந்தால் 102.3 நாட் வேகத்தில் ஒரு மீன்படகு உங்களை நோக்கிப் பறந்து வரும். தலைதிசை தெரியாவிட்டால் 511. அட்சரேகை தெரியாவிட்டால் 91. கிளாஸ் பி (சின்னப் படகுகளுக்கான ஏஐஎஸ் வகை) படகின் பெயர் ஒரு செய்தியில் வரும், இருப்பிடம் இன்னொன்றில், இரண்டையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

மும்பை துறைமுகத்துக்கு என்று ஒரு தலைவலியும் உண்டு. நங்கூரமிட்ட கப்பல்கள் நிறைய. மோதல் எச்சரிக்கையை அப்படியே விட்டால் நிற்காமல் அலறும், பத்தாவது நிமிஷம் யாராவது ஒலியை அணைத்துவிடுவார்கள். அரை நாட் வேகத்துக்குக் கீழே இருப்பவர்களை எச்சரிக்கையிலிருந்து விலக்கி, காட்சியில் மட்டும் வையுங்கள்.

சரி, கேட்க வந்ததே வேறு. அந்தக் குட்டி ஸ்கிரிப்ட் இருக்கிறதே, நீர்மட்டம் 1.9 என்று சொன்னது. அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்.

செம்பூர் கார்த்தி
மே 20, காலை 8:12

அது ரொம்பச் சின்னது மேடம். அன்றைய ஏற்ற வற்ற நேரங்களைக் கையால் தட்டுவேன். அட்டவணை நம் நேரத்தில்தான் இருக்கும். அன்று ஏற்றம் மதியம் 12:40, 4.4 மீட்டர். வற்றம் மாலை 6:50, 0.8 மீட்டர். நடுவில் கொசைன் வளைவு. இப்போது மணி என்ன என்பதை ஜிபிஎஸ் வரியிலிருந்து எடுத்து (அது யுடிசி, உலகப் பொது நேரம்), நேர மண்டல வித்தியாசத்தைக் கூட்டி, வளைவில் போடுகிறேன். மண்டல வித்தியாசம் கட்டமைப்புக் கோப்பில் 5.5 என்று இருக்கிறது, படித்து முழு எண்ணாக மாற்றி

ஐயோ.

தானே நித்யா
மே 20, காலை 8:20

😀 முடித்துவிடுங்கள்.

செம்பூர் கார்த்தி
மே 20, காலை 8:41

முழு எண்ணாக மாற்றினால் 5. அரை மணி போய்விட்டது. மாலை 5 மணிக்கு என் ஸ்கிரிப்ட் 4:30 என்று நினைத்திருக்கிறது. இப்போது கணக்குப் போட்டேன்: 4:30-க்கு 1.9 மீட்டர், 5 மணிக்கு 1.5. திட்டு 0.5. அதன் மேல் தண்ணீர் 1.0. டிராஃப்ட் 1.1. ஒரு சாண் கூட இல்லை, பத்து சென்டிமீட்டர்.

மிதந்த நேரமும் ஒத்துப்போகிறது. 1.6 மீட்டர் இருந்தால் மிதப்போம், ஏற்றத்தில் அந்த உயரம் வருவது 8:45 வாக்கில். நாங்கள் அசைந்தது 9 மணிக்குச் சற்று முன்னால்.

சார்ட் மேல் பழி போட்டதற்கு மன்னிக்கவும். சார்ட் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பழைய கேப்டன்
மே 20, காலை 10:05

மன்னிப்பு எதற்கு. ஒப்புக்கொண்டீர்களே, எத்தனையோ விசாரணை அறிக்கைகளில் அது இருக்காது. ஆனாலும் விட மாட்டேன்: நேரம் சரியாகவே இருந்திருந்தாலும் உங்கள் கையில் இருந்த இடைவெளி 30 சென்டிமீட்டர்தானே? இறங்குகிற தண்ணீரில், பௌர்ணமி அமாவாசைப் பெருக்கில், சேற்றுத் திட்டுக்கு மேலே. அப்போலோ பந்தரில் பெருக்கு நாட்களின் சராசரி ஏற்றம் 4.42, வற்றம் 0.76. ஆறு மணி நேரத்தில் மூன்றரை மீட்டருக்கும் மேல். நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் போகும், மணிக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர். அரை மணி தப்பு எவ்வளவு ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். சென்னையில் இருந்திருந்தால் இந்தப் பிழை உங்களுக்குக் காலத்துக்கும் தெரிந்திருக்காது, அங்கே ஓதம் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஏற்றத்தில் ஒட்டினால் சிறிது நேரத்தில் கடலே தூக்கிவிடும். வற்றத்தில் ஒட்டினால் உட்கார வேண்டியதுதான்.

மாட்டுங்கா மணி
மே 20, பகல் 1:30

அதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன், ஆப் போட்டிருந்தால் அதுவே ஓதமும் சரியாகக் காட்டியிருக்கும்.

பழைய கேப்டன்
மே 20, பகல் 2:10

மணி, உங்கள் ஆப் நல்ல ஆப்தான். ஆனால் ஏப்ரல் வெயிலில் போன் சூடாகி அணைந்துபோனால்? காகிதச் சார்ட் ஒன்று மடித்து வைத்திருக்கிறீர்களா?

மாட்டுங்கா மணி
மே 20, பகல் 2:25

காகிதமா! சார், அலை தெறிக்கிற சின்னப் படகில் மேஜை எங்கே, பேரலல் ரூலர் எங்கே? இரண்டாவது போன் வைத்திருக்கிறேன், வாட்டர்ப்ரூஃப் பையில். அதுதான் என் காகிதம்.

லாமிங்டன் வாசி
மே 20, பகல் 2:40

இரண்டு போன், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆப், ஒரே சார்ட். அது ஒன்றரை போன்.

பழைய கேப்டன்
மே 20, மாலை 5:55

இரண்டாவது போனுக்கு அரை மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். காகிதம் பற்றி இன்னொன்று மட்டும். பழைய இந்திய சார்ட்டுகளில் சில ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவுமுறையில் இல்லை, எவரெஸ்ட் கோளத்தை அடிப்படையாக வைத்தவை. ஜிபிஎஸ் தரும் இடத்தை எவ்வளவு நகர்த்திக் குறிக்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதை ஸ்கேன் செய்து வரைபடமாக ஏற்றுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது ஓரத்தைத்தான்.

கார்த்திக்கு: எஸ்-57-ஐ உங்கள் நிரலின் எலும்பாக வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை மின்சார்ட் வடிவமான எஸ்-100 குடும்பம் வந்துகொண்டிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வகை ஈசிடிஸ் அனுமதி, 2029-லிருந்து கப்பலில் புதிதாகப் பொருத்துபவை அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். நான்கு மாதத்தில் எழுதுவதை நாற்பது மாதம் பராமரிக்க வேண்டிவரும்.

வள்ளவிளைக்காரன்
மே 21, இரவு 1:17

எல்லாருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டம், வள்ளவிளை. ஆழ்கடல் தொழில், 18 வருஷம். சீசனில் சசூன் டாக்கில் வந்து மீன் இறக்குவோம். ஜூன் 1-லிருந்து இங்கே தடைக்காலம், அதற்கு முன் கடைசித் தங்கல் (நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) முடித்து வந்திருக்கிறோம். தூக்கம் வரவில்லை, இழையை முழுசாய் வாசித்தேன்.

தம்பி, நீங்க எழுதுறதா இருந்தா எங்களை மாதிரி ஆளுக்கு என்ன வேணும் என்று சொல்றேன்.

எங்க படகில் சார்ட்டில் இடம் காட்டுற பிளாட்டர் இருக்கு, ஆழம் பார்க்குற எக்கோ இருக்கு, ஏஐஎஸ் இருக்கு. ராத்திரி வலை வளைக்கும்போது கை முழுக்க வழுவழுப்பு, உப்பு. தொடுதிரை அந்தக் கையைக் கண்டாலே வேலை செய்யாது, இல்லாவிட்டால் தொடாததைத் திறக்கும். பட்டன் வேணும், கையுறை போட்டு அமுக்குற மாதிரி. திரையை உத்துப் பார்த்தால் அப்புறம் அஞ்சு நிமிஷம் வெளியே இருட்டில் ஒன்றும் தெரியாது. பேசணும். ‘வலப்பக்கம் கப்பல், ரெண்டு மைல்’ என்று தமிழில் சொன்னால் போதும், நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்குவேன்.

ரெண்டாவது, பாயிண்ட். எங்க அப்பா காலத்தில் கரையில் ரெண்டு அடையாளம் பிடிப்பாங்க, ஒரு கோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலையும் ஒரே நேராய் வரணும். வேறு பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில் பார் (கடலடிப் பாறை) இருக்கும், மீன் நிக்கும். கணியம் என்போம். அதெல்லாம் மண்டையில்தான். எங்க கணியம் இப்போ பிளாட்டரில் இருக்கு, ஆயிரத்துக்கு மேல் பாயிண்ட்: பார் எங்கே, வலை கிழிஞ்சது எங்கே, கப்பல் மூழ்கிக் கிடக்குறது எங்கே. ஒருநாள் பெட்டி செத்துப்போச்சு. எடுத்து வைக்கலை. பதினோரு வருஷம் போச்சு, அண்ணன் ரெண்டு நாள் சாப்பிடலை. அதனால் பாயிண்ட்டை வெளியே எடுக்குற வழி முதலில் வேணும்.

ஆனால் அதை நெட்டில் ஏத்துற ஆப் என்றால் எங்க ஆள் ஒருத்தனும் தொடமாட்டான். சொந்த மச்சானுக்கே பாயிண்ட் காட்டாத ஊர் எங்க ஊர்.

தானே நித்யா
மே 21, காலை 9:26

அண்ணே, இந்த ஒரு பதிவுக்கு எங்கள் பழைய அலுவலகத்தில் மூன்று மாதம் ஆய்வு என்று கூட்டம் போட்டிருப்பார்கள்.

பாயிண்ட்டுகளுக்கு ஜிபிஎக்ஸ் என்று ஒரு பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. ஓபன்சிபிஎன் அதில் ஏற்றும், இறக்கும். பல பிளாட்டர்களும் மெமரி கார்டில் எழுதித் தரும். உங்களுடையது தராவிட்டால் என்எம்இஏ கம்பி வழியாக வழிப்புள்ளி வரிகளை அனுப்ப வைத்துக் கம்ப்யூட்டரில் பிடிக்கலாம். ஒவ்வொரு தங்கல் முடிந்ததும் ஒரு பென்டிரைவில், வீட்டு அலமாரியில். நெட் வேண்டாம்.

பழைய கேப்டன்
மே 21, காலை 10:15

கணியம் என்று தம்பி சொல்வதைத்தான் நாங்கள் டிரான்சிட் என்கிறோம். அதைவிடத் துல்லியமான கருவி இன்னும் வரவில்லை. கார்த்தி, புராங்ஸ் கலங்கரை விளக்கம் 1875-லிருந்து அங்கேயேதான் நிற்கிறது. காம்பஸில் அதற்கொரு பேரிங் (அது இருக்கும் திசை), இன்னொரு அடையாளத்துக்கு ஒரு பேரிங் எடுத்து, திரையில் உங்கள் படகு இருக்கும் இடத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

இன்னொன்று. துறைமுகத்துக்குள்ளே குச்சி நட்டுக் கட்டும் டோல் வலைகள். எந்த சார்ட்டிலும் ஒவ்வொன்றாக இருக்காது, ஏஐஎஸ்ஸும் போடாது, ராத்திரியில் விளக்கும் இருக்காது. கோலி மீனவர்களிடம் போய் டீ குடித்துக்கொண்டே கேட்டால் எங்கே கட்டுகிறார்கள் என்று சொல்வார்கள்.

செம்பூர் கார்த்தி
மே 22, இரவு 10:00

இரண்டு நாள் யோசித்தேன். நியூயார்க் துறைமுகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சார்ட், ஏஐஎஸ் இரண்டையும் ஓபன்சிபிஎன்னிடமே விடுகிறேன். அதில் எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் 102 நாட் மீன்படகுகளைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் திரும்ப ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? முகப்பு பழசாக இருந்தால் இருக்கட்டும். நான் எழுதப்போவது ஒன்றே ஒன்று, நீர்மட்டம் சொல்லும் பெட்டி. தமிழில் பேசும். சிக்னல் கே-யிலிருந்து நேரமும் எக்கோ ஆழமும் எடுக்கும். நேரம் முழுக்க யுடிசியில், காட்டும்போது மட்டும் நம் நேரம்.

லாமிங்டன் வாசி
மே 22, இரவு 10:31

நல்ல முடிவு. மின்சாரத்தை மறக்காதீர்கள். பேட்டரி 12 வோல்ட் என்று எழுதியிருக்கும், செல்ஃப் அடிக்கும்போது எங்கேயோ கீழே போகும். பை அந்த நொடியில் அணைந்து எழும், எஸ்டி கார்டு நாலாவது தடவை கெட்டுப்போகும். தனி பேட்டரி, நல்ல கன்வெர்ட்டர், கார்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வையுங்கள். போர்டுக்கு மேலே ஈரம் புகாத கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள், இங்கே மழைக்காலத்தில் என் வீட்டு ஷெல்ஃபில் இருக்கும் போர்டே பச்சை பிடிக்கிறது.

மாட்டுங்கா மணி
மே 22, இரவு 10:50

வாசி, நம் நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக் வேலை செய்யுமா இதில்?

லாமிங்டன் வாசி
மே 22, இரவு 11:02

சாதாரண யுஎஸ்பி ரிசீவரில் சந்தேகம். பழைய நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைகளில்தான் பேசும். 2023-இல் ஏவிய என்விஎஸ்-01-லிருந்துதான் ஜிபிஎஸ் மாதிரி எல்1-லும் பேசுகிறார்கள். வாங்கும்போது நாவிக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாண்ட்வா போக ஜிபிஎஸ் போதும்.

செம்பூர் கார்த்தி
அக்டோபர் 12, இரவு 9:15

இழையைத் தூசி தட்டுகிறேன். போன வாரம் படகு தண்ணீரில் இறங்கியது.

பை கேபினுக்குள், ஓபன்சிபிஎன், உரிமத்தோடு வாங்கிய சார்ட். கேட்ஸாக் அடுக்கைப் போட்டுத்தான் பாதை குறிக்கிறேன் கேப்டன் சார், தர்மத்தர் பக்கம் பார்த்ததும் குறுக்கு வழி ஆசையே போய்விட்டது. புராங்ஸுக்கு பேரிங் எடுத்தேன், பொருந்தியது, ஆனால் முதல் தடவை காந்த வடக்கா உண்மை வடக்கா என்று குழம்பினேன். இங்கே வித்தியாசம் ஒரு பாகைக்கும் கம்மிதான், அதனால் தப்பித்தேன்.

பேசும் பெட்டி ஓடுகிறது. கம்ப்யூட்டர் குரல் தமிழைக் கொலை செய்தது. ஆகவே அம்மாவை உட்கார வைத்து எண்களைப் பதிவு செய்தேன். நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் மாறினால் மட்டும் பேசும். ‘தண்ணி இறங்குது. ரெண்டு மீட்டர் நாப்பது.’ நண்பர்கள் இருவரும் அதற்கு ‘சரிம்மா’ என்று பதில் சொல்கிறார்கள். மூரிங்கில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஈயக்குண்டுக் கயிறு போட்டு அளந்து பார்த்தேன். கணக்கும் கயிறும் 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகவில்லை. அதனால் இடைவெளியை ஒரு மீட்டராக வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே போனால் அம்மா குரல் கொஞ்சம் கண்டிப்பாக வரும்.

வாசி, தனி பேட்டரி போடாமல் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். செல்ஃப் அடித்ததும் பை அணைந்தது. நீங்கள் சொன்ன அதே நொடியில். இந்த வாரம் பேட்டரி வாங்குகிறேன்.

லாமிங்டன் வாசி
அக்டோபர் 12, இரவு 9:22

கார்டு பிழைத்ததா?

செம்பூர் கார்த்தி
அக்டோபர் 12, இரவு 9:24

இரண்டாவது கார்டில் ஓடுகிறது.

வள்ளவிளைக்காரன்
அக்டோபர் 14, காலை 4:50

தம்பி, அம்மா குரல் எங்க படகுக்கும் கிடைக்குமா? எக்கோவோடு சேர்த்து ஆழம் சொல்லட்டும். ஆனால் மீட்டர் வேண்டாம், பாகத்தில் சொல்லணும். எங்க தண்டேல் (படகை நடத்துறவர்) மீட்டர் என்றால் திட்டுவார்.

செம்பூர் கார்த்தி
அக்டோபர் 14, காலை 8:30

கட்டாயம் அண்ணே. பாகம் 1.83 மீட்டர்தானே? அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்கிறேன்.

தானே நித்யா
அக்டோபர் 14, காலை 8:44

‘ஒன்று புள்ளி ஐந்து பாகம்’ என்று மட்டும் பதிவு செய்துவிடாதீர்கள். காலே, அரையே, முக்காலே என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் மாற்றும் எண்ணை ஒரே இடத்தில் வையுங்கள். முழு எண்ணாக மாற்றாமல்.